கிணற்றில் இடுப்பளவு ஆழம் கிடையாது

மதுரையில் கடல் இல்லை. இது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், மதுரைக்காரர்களுக்கும் தெரியும். என் மேலதிகாரிக்கு மட்டும் தெரியாது போலிருக்கிறது.

தூத்துக்குடிப் பக்கம் கடற்கரைகளில் ஜனங்கள் குளிக்கும் இடத்துத் தண்ணீரை எடுத்துச் சோதனைக்கூடத்தில் கொடுப்பது என் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். கூட்டம் குளித்துக்கொண்டிருக்கும்போதே இடுப்பளவு ஆழத்துக்கு நடந்து போக வேண்டும். பாட்டிலை முழங்கை ஆழத்துக்கு அமுக்கித் திறந்து, நிரப்பி, மூடி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். அதில் மலக்கிருமி எவ்வளவு என்று எண்ணிச் சொல்வார்கள். அளவு மீறினால் 'இங்கே குளிக்காதீர்கள்' என்று பலகை நடுவோம். ஜனங்கள் அந்தப் பலகையில் துண்டைக் காயப்போட்டுவிட்டுக் குளிப்பார்கள்.

மதுரையில் இதே வேலையைப் பார்ப்பவர் பைக்கிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். "நாலு நாள்தான், மூணு இடம்தான், நீங்க போயிட்டு வாங்க" என்றார் மேலதிகாரி.

"கடலே இல்லாத ஊர்ல எதுல சார் எடுக்க?"

"ஜனங்க கூடிக் குளிக்கிற இடமெல்லாம் நம்ம கணக்குத்தான்."

எனக்கு நீச்சல் தெரியாது என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடலோரத்தில் பிறந்த பெண்ணுக்கு யாரும் நீச்சல் சொல்லித் தருவதில்லை. கடலைக் காட்டி, "அங்க போகாத" என்பதோடு பாடம் முடிந்தது. இடுப்பளவு ஆழத்துக்கு நடக்கத் தெரிந்தால் என் வேலைக்குப் போதும் என்று இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன்.

முதல் நாள் பேருந்தை விட்டு இறங்கியதும் வெயில் அறைந்தது. எங்கள் ஊரிலும் வெயில் உண்டு. ஆனால் சாயங்காலம் கடற்காற்று வந்து மன்னிப்புக் கேட்கும். இங்கே அந்த நாகரிகம் கிடையாது.

என்னை அழைத்துப் போக ஒரு பழைய வேனுடன் முத்துப்பாண்டி வந்திருந்தார். அவனியாபுரத்துக்காரர். நாற்பது வயது, பெரிய மீசை, ஓயாத வாய். ஐஸ் பெட்டியைப் பார்த்ததும், "என்னக்கா, தூத்துக்குடியில இருந்து மீனா?" என்றார். காலிப் பாட்டில்கள் என்றேன். முகம் வாடிவிட்டது.

முதல் இடம் அவனியாபுரம் தாண்டி ஒரு தனியார் கேளிக்கைப் பூங்கா. அதற்குள் ஒரு 'பீச்' இருக்கிறது. சிமென்ட் தொட்டி, லாரியில் கொட்டிய ஆற்று மணல், பிளாஸ்டிக் தென்னை. தென்னைக்கு நிஜ மரமே வைத்திருக்கலாம். நம் நாட்டில் தென்னை கிடைக்காதா?

பாட்டிலோடு இறங்கப் போன என்னை மேலாளர் தடுத்தார். "மேடம், அலை பதினொரு மணிக்குத்தான். இப்ப இறங்குனா வெறும் தண்ணி."

"எனக்கு வெறும் தண்ணிதான் வேணும்."

"இல்ல மேடம், அலையோட எடுத்தாத்தான் எங்க பீச்சுக்கு மரியாதை."

பதினொரு மணிக்குச் சங்கு ஊதியது. சுவருக்குப் பின்னால் ஏதோ மோட்டார் உறுமியது. அலை வந்தது. சேலையோடும் நைட்டியோடும் லுங்கியோடும் நூறு பேர் ஒரே நேரத்தில் ஓலமிட்டார்கள். ஒருத்தர் சட்டைப்பையில் வெற்றிலையோடு மிதந்தார். பத்து நிமிடத்தில் அலை நின்றது. கடல் இப்படிச் சொன்னபடி கேட்டிருந்தால் எங்கள் ஊரில் பாதிப் பேர் விதவையாகியிருக்க மாட்டார்கள்.

குளோரின் வாடையில் கண்ணீர் வந்தது. என் பாட்டில்களுக்குள் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை முறிப்பதற்காக. பொடி இல்லாவிட்டால் வழியிலேயே கிருமி செத்து, கெட்ட தண்ணீர் நல்ல பெயர் வாங்கிவிடும். அன்றைக்கு அந்தப் பொடிக்கு நல்ல வேலை.

இரண்டாம் நாள் கோச்சடைப் பக்கம் வைகை. அணையில் தண்ணீர் திறந்திருந்ததால் ஆறு ஆறு மாதிரி இருந்தது. தடுப்பணை ஓரம் ஐம்பது பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். இருபதடி தள்ளி ஒரு சாக்கடை வாய் திறந்து கொட்டிக்கொண்டிருந்தது. எருமைகள், எந்தப் பக்கம் குளிப்பது என்று தெரிந்தவை போல, சாக்கடைக்கு மேற்கே நின்றன. மனிதர்கள் கிழக்கே நின்றார்கள். தண்ணீர் ஓடுவது மேற்கிலிருந்து கிழக்கே.

நான் இறங்கும்போது பாசி வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், ஓய்வு பெற்ற குமாஸ்தாவாம், கைகொடுத்துத் தூக்கினார்.

"எதுக்கும்மா பாட்டில்ல பிடிக்கிறீங்க?"

"நல்ல தண்ணியான்னு பாக்க."

"அதுக்கு எதுக்குப் பாட்டிலு? சோப்பு நொரைக்குது பாருங்க. இந்தத் தண்ணியில பருப்பு போட்டா பூவா வேகும்."

"மேல சாக்கடை விழுதே, அது தெரியுதா?"

"அது நேத்து வந்ததும்மா. ஆறு எம்புட்டுக் காலமா ஓடுது."

இந்த ஊரில் தண்ணீருக்கு அதுதான் பரீட்சை. பருப்பு வேகுமா, சோப்பு நுரைக்குமா. இரண்டுக்கும் ஆம் என்றால் கங்கை. பருப்போடு சேர்ந்து வேகிற வரை கிருமி காத்திருக்காது, உங்கள் வாய்க்குள் நேராகப் போகும் என்று கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு முங்கி எழுந்து, வாயில் தண்ணீரை எடுத்துக் கொப்பளித்தார்.

அன்று மதியம் கோபத்தில் மூன்று கறிதோசை தின்றேன். மதுரையைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லச் சொன்னால் அந்தத் தோசையைச் சொல்வேன். மீன் கேட்டுவிடாதீர்கள். கேட்டேன். வந்தது. அதன் கண்ணைப் பார்த்தேன். என்னை விட அதிக நாள் பயணம் செய்திருந்தது.

சாயங்காலம் முத்துப்பாண்டி, "பெட்டி எங்க வீட்டுலயே இருக்கட்டும்க்கா. ஃபிரிட்ஜ் இருக்கு, காலையில புது ஐஸ் போட்டுக் கொண்டாரேன்" என்றார். என் லாட்ஜில் மின்விசிறியே மனது வைத்தால்தான் சுற்றும். எடுத்த தண்ணீரை அன்றன்றே சோதனைக்கூடத்தில் கொடுத்தாயிற்று, மிச்சம் காலிப் பாட்டில்கள்தான். சரி என்றேன். பத்தொன்பது வருடத்தில் பாட்டில் பெட்டியை நான் கைவிட்ட முதல் நாள் அது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் உசிலம்பட்டிக்குப் போகும் வழியில் வேன் படுத்துவிட்டது. முத்துப்பாண்டி பானெட்டைத் திறந்து, உள்ளே பார்த்து, "சரிதான்" என்றார். என்ன சரி என்று சொல்லவில்லை. மெக்கானிக் வர மதியம் ஆகும் என்றதால் அவரை அங்கேயே விட்டுவிட்டு, ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினேன்.

பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மாள் மூக்கை உறிஞ்சினார். "என்ன மீனும்மா?"

"மீன் இல்ல. பாட்டிலு."

"தூத்துக்குடிப் பேச்சு பேசுறீங்க, ஐஸ் பெட்டி வச்சிருக்கீங்க, மீன் இல்லங்குறீங்க. எங்களுக்குக் குடுக்க மாட்டேன்டு சொல்லுங்க, அது நியாயம்."

கண்டக்டர் தீர்ப்புச் சொன்னார்: "யாருக்கோ ஆர்டர் மீன் போல. விடுங்கத்தா." இறங்கும் வரை பஸ் முழுக்க என்னைக் கஞ்சப் பிசினாரியைப் பார்ப்பது போலப் பார்த்தது.

உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம். வானம் பார்த்த பூமி. அங்கே ஊர்ப் பொதுக்கிணறு ஒன்று, சதுரமாக, ஒரு வீடு முழுகும் அகலத்தில் இருக்கிறது. இதில்தான் ஜெயராணி டீச்சர் பன்னிரண்டு பெண்களுக்கு நீச்சல் கற்றுத் தருகிறார். பக்கத்து மிஷன் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. முப்பத்தைந்து வயது இருக்கும், கழுத்தில் ஜெபமாலையும் விசிலும் ஒன்றாகத் தொங்கின.

கிணற்றைச் சுற்றிக் கம்பி வேலி. கேட்டில் பூட்டு. போன மாதம் நீந்திய பெண்களில் இரண்டு பேருக்கு வாந்தியும் காய்ச்சலும். பஞ்சாயத்து கிளார்க் சின்னச்சாமி பூட்டிவிட்டார். தண்ணீர் நல்லது என்று எழுத்தில் வந்தால்தான் திறப்பார். அடுத்த வாரம் மாவட்ட அணிக்குத் தேர்வு. மதுரை நீச்சல் குளத்தில் பெண்களுக்கான நேரம் சரியாகப் பள்ளி நடக்கும் நேரம். இந்தக் கிணறு இல்லாவிட்டால் அந்தப் பன்னிரண்டு பேருக்கு நீச்சல் இல்லை, அவ்வளவுதான்.

"அன்னைக்கு ஊர்ல திருவிழாச் சாப்பாடு. கெணத்துப் பக்கமே வராத பிள்ளைகளும் வாந்தி எடுத்துச்சுக" என்றார் டீச்சர்.

"அந்த ரெண்டுல ஒண்ணு எங்க அக்கா மக, டீச்சர்" என்றார் சின்னச்சாமி. "நீங்க சோத்தச் சொல்றீங்க. நான் தண்ணியச் சொல்றேன். மேடம் வந்திருக்காங்க, பாத்துச் சொல்லட்டும்." கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர்.

பூட்டைத் திறந்தார். படியிறங்கினேன். தண்ணீருக்கு ஓரடி மேலே படி முடிந்துவிட்டது. அதற்குக் கீழே பச்சை இருட்டு. அங்கேதான் எனக்கு உறைத்தது: கடலில் இடுப்பளவு ஆழம் என்று ஓர் இடம் உண்டு. கிணற்றில் கிடையாது. கரை இருக்கிறது, அப்புறம் முப்பதடி இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை.

"என்னாச்சு மேடம்?" மேலேயிருந்து சின்னச்சாமி.

"எனக்கு நீச்சல் தெரியாது."

வேலிக்கு வெளியே நின்ற பன்னிரண்டு பெண்களும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நானாக இருந்தால் இன்னும் சத்தமாகச் சிரித்திருப்பேன்.

டீச்சர் குதித்தார். நான் படியில் நின்று கத்தக் கத்த, நடுக்கிணற்றில் பாட்டிலை அமுக்கித் திறந்து, நிரப்பி, மூடிக் கொண்டுவந்தார். கை சுத்தம், வேலை சுத்தம். என்னுடைய ஆட்களிடம் இத்தனை வருடத்தில் பார்த்ததில்லை. அன்று மாலைக்குள் பாட்டிலை மதுரைச் சோதனைக்கூடத்தில் கொடுத்துவிட்டேன். கோழி முட்டையை அடைவைப்பது போலத்தான். ஒரு நாள் சூட்டில் வைத்துப் பார்த்தால் கிருமி குஞ்சு பொரித்துவிடும்.

நான்காம் நாள் மாலை முடிவுகள் வந்தன. செயற்கை பீச்சில் உயிருள்ளது எதுவும் இல்லை. அந்தக் குளோரினில் பேயும் பிழைக்காது. வைகை, நீங்கள் நினைத்ததை விட மோசம். கிணறும் கெட்டது. அளவைப் போல மூன்று மடங்கு.

போனில் சின்னச்சாமியிடம் படித்தேன். "நான் சொன்னேன்ல மேடம்" என்றார், சந்தோஷமில்லாமல். டீச்சரிடமும் நானே சொன்னேன். "சரிக்கா" என்றார். அழுதிருந்தாலோ திட்டியிருந்தாலோ எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஐந்தாம் நாள் ஊருக்குக் கிளம்பினேன். பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் முத்துப்பாண்டி பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். நல்ல சூடு, நல்ல சுக்கு. அதைக் குடிக்கும்போதுதான் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "ஒங்க ஆபீஸ்ல பாட்டிலக்கூட ஒழுங்காக் கழுவித் தர மாட்டாங்களாக்கா? மிச்சம் இருந்த பாட்டில்ல எல்லாம் உள்ள உப்பு மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நான்தான் அன்னைக்குச் சாயங்காலம் எல்லாத்தையும் பளிச்சுண்டு கழுவி வச்சேன்."

டம்ளரைக் கீழே வைத்தேன். "எந்தத் தண்ணியில?"

"வீட்டுத் தொட்டித் தண்ணிதான். துணியும் போட்டுத் தொடச்சேன்."

"என்ன துணி?"

யோசித்தார். "வேன் தொடைக்கிற துணி. தொவைச்சதுதான்க்கா."

கிருமி நீக்கி மூடி ஒட்டிய பாட்டில் அது. அதைத் திறந்து, தொட்டித் தண்ணீரில் அலசி, வேன் துணியால் துடைத்திருக்கிறார். கிணற்றுத் தண்ணீர் என்று நாங்கள் எண்ணியது அவர் வீட்டுத் தொட்டியையும் அவர் வேனையும். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கடைக்காரர் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டார்.

முத்துப்பாண்டி முழுதாகக் கேட்டுவிட்டு, "விருந்தாளிக்குத் தண்ணி குடுத்தாக்கூட டம்ளர ஒரு தடவ அலசித்தானக்கா குடுப்போம்" என்றார்.

என் அம்மாவும் அலசுவார். நானும் அலசுவேன். மேலும், மூடி திறந்திருக்கிறதா, உள்ளே பொடி இருக்கிறதா என்று கிணற்றடியில் நான் பார்த்திருக்க வேண்டும். நீச்சல் தெரியாத அவமானத்தில் பார்க்கவில்லை. ஊரெல்லாம் கத்திக்கொண்டு திரிந்தவள் தன் பெட்டியைக் கோட்டை விட்டாள்.

மேலதிகாரிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "ரிப்போர்ட் போயாச்சு, விட்டுருங்க. ஒரு கெணறுதான" என்றார். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. சோதனைக்கூடத்தில் புதுப் பாட்டில் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு, மறுபடி உசிலம்பட்டி ரோடு. முத்துப்பாண்டி வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. அது ஒரு லாபம். டீச்சர் மறுபடி குதித்து எடுத்துக் கொடுத்தார்.

ஆறாம் நாள் மாலை முடிவு வந்தது. கிணறு நன்றாக இருக்கிறது. தாராளமாகக் குளிக்கலாம்.

ஏழாம் நாள் காலை பழைய தாள், புதுத் தாள் இரண்டோடும் கிணற்றடியில் போய் நின்றேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். சின்னச்சாமி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. கழுவாத பாட்டில்ல எடுத்தா நல்ல தண்ணி. கழுவுன பாட்டில்ல எடுத்தா கெட்ட தண்ணி. அப்படித்தான?"

"அப்படித்தான்."

"கழுவுனதால அழுக்காயிருச்சு."

"ஆமா."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "போன தாள்லயும் ஒங்க கையெழுத்து. இந்தத் தாள்லயும் ஒங்க கையெழுத்து. ரெண்டு தடவையும் தண்ணிய எடுத்தது டீச்சரு, கெணறு தொறக்கணும்ன்டு நிக்கிறவுக. நான் எந்தத் தாள நம்பட்டும்? நாளைக்கு எங்க அக்கா மக படுத்தா, தாளையா காட்டுவேன்?"

டீச்சர் ஏதோ சொல்ல வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அந்த ஆள் கேட்டது சரி. என் தாளுக்கு இருந்த மரியாதையை நானே கெடுத்துவிட்டேன்.

"என்ன செஞ்சா நம்புவீங்க?"

"நீங்க இறங்குங்க மேடம்."

ஊரே என்னைப் பார்த்தது. முத்துப்பாண்டி வேனிலிருந்து ஸ்டெப்னி டியூபை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். இந்த ஏழு நாளில் அவர் செய்த ஒரே உருப்படியான காரியம். அந்த டியூபில்தான் காற்று இருந்தது. வண்டியில் இருந்த மற்ற எதிலும் இல்லை.

சுடிதாரோடு படியிறங்கினேன். டீச்சர் தண்ணீரில் டியூபைப் பிடித்துக்கொண்டு, "உக்காருங்கக்கா, சேர்ல உக்கார்ற மாதிரி" என்றார். உட்கார்ந்தேன். நான் சேருக்கு ஏற்ற ஆள், டியூபுக்கு இல்லை. நடு ஓட்டை வழியாக நேராக உள்ளே போய்விட்டேன். மூக்கிலும் வாயிலும் கிணறு புகுந்தது. இரண்டு மடக்கு, மூன்றாவது மடக்கு. யாரோ முடியைப் பிடித்து இழுத்தார்கள். மேலே வந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தையைக் கேட்டு டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார்.

தண்ணீர் இனித்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். பருப்பு பூவாக வெந்திருக்கும்.

மேலேயிருந்து வீசிய கயிற்றைப் பிடித்து ஏறி வந்து, இருமிக்கொண்டே, "தெறங்க" என்றேன்.

சின்னச்சாமி சாவியை எடுக்கவில்லை. "குடிச்சுட்டீங்களா மேடம்?"

"மூணு மடக்கு."

"ரொம்ப நல்லது. அப்ப நாளைக்குக் காலை வரைக்கும் இருங்க. ஒரு நாள் வச்சுப் பாத்தாத்தான தெரியும்."

என்ன தைரியம். ஆனால் அது என்னுடைய விதிதான். ஒரு நாள் சூட்டில் வை, குஞ்சு பொரிக்கிறதா பார். அன்று பாட்டில் நான்தான். கிணற்றுக்குப் பக்கத்திலேயே இருந்த டீச்சர் வீட்டில் தங்கினேன். ஊரில் வருகிறவர் போகிறவரெல்லாம் வாசலில் நின்று என் வயிற்றை விசாரித்தார்கள். ஒருவர் முத்துப்பாண்டியிடம், "என்ன மாப்ள, இந்தப் பாட்டிலையும் கழுவியாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

காலையில் சின்னச்சாமி வந்தபோது நான் இட்லி தின்றுகொண்டிருந்தேன். அசையாமல் நின்று பார்த்தார். தட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"வயிறு எப்படி இருக்கு மேடம்?"

"பசிக்கி."

"எத்தனாவது இட்லி?"

"எட்டு."

அவருக்குப் பின்னால் வாசலில் துண்டோடு பன்னிரண்டு பேர் நின்றார்கள். அவர்களில் தன் அக்கா மகளைத் திரும்பிப் பார்த்து, "ஒங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன், போ" என்று இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். ஒன்பதாவது இட்லியை நான் பிய்த்தபோது, முதல் ஆள் குதிக்கும் சத்தம் கேட்டது.